சொந்த விருப்பத்தின் பேரில்

வறுத்த ஆட்டுத்தொடையை ஹாலோவே துண்டு போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவருடைய மனைவி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"கடிதம் எழுதியாச்சா, ஆர்டிஸ்?"

ஆர்டிஸ் லுண்டீனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளும் வாரன் கிட்ரெட்ஜும் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக முந்தின நாள்தான் தாங்கள் வேலை பார்க்கும் அமெரிக்கத் தூதரகத்தில் சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் மேலதிகாரி ஹாலோவேயின் வீட்டில் இந்த ஞாயிற்றுக்கிழமை விருந்து. ஜன்னலுக்கு வெளியே பெய்ரூட்டின் கடல் கண்ணைக் கூச வைத்தது.

"என்ன கடிதம், மேடம்?"

"ராஜினாமாக் கடிதம். வேற என்ன, காதல் கடிதமா?"

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆர்டிஸ் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். வாரன் தன் தட்டில் இருந்த இறைச்சியை வெகு கவனமாக நறுக்கிக்கொண்டிருந்தான்.

"வாரனும் எழுதணுமா?" என்று கேட்டாள்.

இந்த முறை சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது. ஹாலோவே கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வாரன், நீ குடுத்து வச்சவன்ப்பா. வீட்ல பொழுது போகலைன்னு உனக்குக் கவலையே இல்லை."

வாரனும் சிரித்தான். அவள் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை என்பது அந்த மேசையில் அவனுக்கு மட்டும் தெரியும். தெரிந்தும் சிரித்தான்.

ஆர்டிஸ் வடக்கு டகோட்டாவில் ஒரு கோதுமை விவசாயியின் மகள். அவளுடைய அப்பா நார்வேயிலிருந்து வந்தவரின் பிள்ளை. பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். பக்கத்து ஊர்க் கல்லூரியைத் தாண்டி அந்தக் குடும்பத்தில் யாரும் போனதில்லை. அவள் வாஷிங்டனுக்கு ரயிலேறினாள். வெளிநாட்டுப் பணிக்கான தேர்வு எழுதினாள். எழுத்திலும் தேறி நேர்முகத்திலும் தேறினாள். "காதல் கத்தரிக்காய்னு எதுவும் இல்லையே?" என்று அங்கே கேட்டார்கள். "இல்லை" என்றாள். அப்போது உண்மையாகவே இல்லை.

பெய்ரூட்டில் முதலில் விசா ஜன்னலில் உட்கார வைத்தார்கள். சாயங்காலங்களில் அரபி படித்தாள். கடைக்காரர்களிடமும் டாக்ஸிக்காரர்களிடமும் பேசிப் பேசி நாக்கைப் பழக்கினாள். ஒரு வருஷத்தில் உள்ளூர்ப் பத்திரிகைகளைப் படித்து அரசியல் அறிக்கை எழுதுகிற அறைக்கு மாற்றினார்கள். ஹாலோவே அவளுடைய அறிக்கைகளில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றுவதில்லை. அதே ஹாலோவேதான் இப்போது அவள் தட்டில் இன்னொரு துண்டு இறைச்சியை வைத்து, "சாப்பிடும்மா, இனிமே சமையல்காரியை மேய்க்கிற வேலை உனக்குத்தான்" என்றார்.

சாப்பாடு முடிந்ததும் திருமதி ஹாலோவே அவளைத் தன் அறைக்கு அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். தாளும் பேனாவும் தயாராக இருந்தன.

"நான் சொல்றேன், நீ எழுது. எல்லாப் பொண்ணுங்களும் இப்படித்தான் எழுதுவாங்க. சுருக்கமா இருந்தாப் போதும்."

ஆர்டிஸ் பேனாவைத் தொடவில்லை.

"இங்க பாரு கண்ணு," என்று கட்டிலில் உட்கார்ந்தாள் அந்த அம்மாள். குரல் தணிந்தது. "நான் யுத்த சமயத்துல கடற்படையில சங்கேதச் செய்தி பிரிக்கிற வேலை பாத்தவ. என்கிட்ட இருபது பேர் வேலை செஞ்சாங்க. நானும் எழுதிக் குடுத்தேன். செத்தா போயிட்டேன்?"

ஆர்டிஸ் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். பேனாவை எடுத்தாள்.

"'சொந்த விருப்பத்தின் பேரில்'னு போட மறந்துடாதே. அப்பத்தான் மரியாதையா இருக்கும்."

போட்டாள்.

காரில் திரும்பும்போது வாரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "நீயே யோசிச்சுப் பாரு. ரெண்டு பேரும் ஆபீஸ் போயிட்டா வீட்டுக்கு வர்றவங்கள யாரு கவனிக்கிறது? ஊர் உலகத்துல இருக்கிற வழக்கம்தானே."

அவளுக்கு அவன்மேல் கொள்ளை ஆசை. கையை விலக்கிக்கொள்ளவில்லை.

பிறகு பன்னிரண்டு வருஷம் அவள் திருமதி கிட்ரெட்ஜாக இருந்தாள். கார்ட்டூம், துனிஸ், மறுபடி பெய்ரூட். எந்த ஊருக்குப் போனாலும் முதல் வாரத்திலேயே மேலதிகாரியின் மனைவியைப் போய்ப் பார்க்க வேண்டும், தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு. அந்த அம்மாள் கூப்பிட்ட நாளில் கூப்பிட்ட நேரத்தில் போய் ரொட்டித் துண்டுகளுக்கு வெள்ளரிக்காய் நறுக்க வேண்டும், காப்பி ஊற்ற வேண்டும், பழைய துணி விற்பனையில் நிற்க வேண்டும். சம்பளம் கிடையாது. ஆனால் வருஷா வருஷம் வாரனைப் பற்றி மேலதிகாரி எழுதுகிற மதிப்பீட்டில் அவளுக்கும் ஒரு பத்தி இருக்கும். மனைவி எப்படி உடுத்துகிறாள், விருந்தை எப்படி நடத்துகிறாள், வாய் நீளமா என்றெல்லாம் அதில் இருக்கும். அந்தப் பத்தி கெட்டால் வாரனின் பதவி உயர்வு கெடும்.

கெடத்தான் பார்த்தது. கார்ட்டூமில் ஒரு விருந்தில் மொழிபெயர்ப்பாளன் ஒரு மந்திரியின் வார்த்தையைத் தலைகீழாகப் புரட்டிச் சொல்லிவிட்டான். தட்டு மாற்றிக்கொண்டிருந்த ஆர்டிஸ், "அவர் அப்படிச் சொல்லலை; மாட்டேன்னுதான் சொன்னார்" என்று சொல்லிவிட்டாள். மந்திரிக்கு மகிழ்ச்சி. மற்ற யாருக்கும் மகிழ்ச்சியில்லை.

மறுநாள் வாரன் வீட்டுக்கு வந்ததும் தொப்பியை மேசைமேல் எறிந்தான். "உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"அவன் தப்பாச் சொன்னான், வாரன். நீங்க எல்லாரும் தலையாட்டிக்கிட்டு இருந்தீங்க."

"ஆட்டிட்டுப் போறோம். நீ சாப்பாட்டைப் பாத்தியா, போனியான்னு இரு. என் பொழப்புல மண்ணைப் போடாதே."

அன்று இரவே, அவன் எழுதிய அறிக்கையை அவள் முன்னால் வைத்தான். "இதைக் கொஞ்சம் பாத்துடேன்." அவள் பார்த்தாள். பார்த்தாள் என்பது பேச்சுக்கு. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை திருப்பி எழுதினாள். அது எல்லா ஊரிலும் நடந்தது. வாரன் கிட்ரெட்ஜுக்கு அரபுலகம் அத்துப்படி என்று வாஷிங்டனில் பெயர் பரவியது.

மகள் கேரின் பிறந்தாள். குழந்தையை வைத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான் ஆர்டிஸுக்கு ஒரு பழக்கம் வந்தது. பிற்பகலில் குழந்தை தூங்கியதும் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வாள். குழாயைத் திறந்துவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று அரபியில் பேசுவாள். மந்திரியிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கேட்பாள். பதிலையும் அவளே சொல்வாள். ஒருநாள் சமையல்காரி கதவைத் தட்டி, "அம்மா, உள்ளே யார் இருக்காங்க?" என்று பயந்துபோய்க் கேட்டாள். ஆர்டிஸ் குழாயை மூடினாள். "யாருமில்லை" என்றாள். சொல்லிவிட்டுக் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, துவாலையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

எழுபத்திரண்டில் அந்த வழக்கம் போனது. கல்யாணமான பெண்கள் இனி வேலையில் இருக்கலாம், முன்பு விலகியவர்கள் திரும்பி வரவும் கேட்கலாம் என்று வாஷிங்டனில் சொன்னார்கள். அப்போது அவர்கள் வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனில் ஒரு செங்கல் வீட்டில் இருந்தார்கள். வாரனுக்கு ஒரு பெரிய தூதரகத்தில் இரண்டாவது இடம் கிடைக்கப்போகிற நேரம். ஆர்டிஸ் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய், பணியாளர் பிரிவில் ஓர் இளம் அதிகாரியின் முன்னால் உட்கார்ந்தாள்.

அவன் மரியாதையான பையன். அவளுக்குக் காப்பி தருவித்தான்.

"நீங்க விட்ட இடத்துலயே சேரலாம் மேடம். அதே படிநிலை."

"இடையில இருக்கிற பன்னிரண்டு வருஷம்?"

"அது எப்படி மேடம் கணக்குல வரும்? நீங்களாத்தானே விலகினீங்க."

"நானா விலகலை. கல்யாணமானா விலகணும்னு விதி இருந்துச்சு. இப்ப அதை எடுத்துட்டீங்க. அது தப்புன்னு தெரிஞ்சுதானே எடுத்தீங்க?"

அவன் கொஞ்சம் சங்கடப்பட்டான். "மேடம், அதான் சிக்கலே. எடுக்கறதுக்கு விதின்னு ஒண்ணு இருக்கவே இல்லை. நாங்களும் தேடிப் பாத்துட்டோம். எந்தப் புத்தகத்துலயும் இல்லை. அது வெறும் வழக்கம்தான்."

ஆர்டிஸ் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப, நான் மாட்டேன்னு சொல்லியிருந்தா?"

"தெரியலை மேடம். எனக்குத் தெரிஞ்சு யாரும் சொன்னதா இல்லை. எல்லாருமே 'சொந்த விருப்பத்தின் பேரில்'னுதான் எழுதிக் குடுத்திருக்காங்க."

அவள் எப்படி வெளியே வந்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை. பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பஸ்கள் வந்தன, போயின. பூட்டாத கதவுக்குள் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்திருந்திருக்கிறாள். காவலுக்கு ஆள்கூட வைக்கவில்லை. அவளைப் போலப் பேனா பிடித்த பெண்கள் எத்தனை பேரோ, ஒருத்தியாவது எழுந்து நின்று "எங்கே அந்த விதி, காட்டு" என்று கேட்டிருந்தால் போதும். தலையைக் கைகளில் தாங்கிக்கொண்டு குனிந்தாள். பக்கத்தில் இருந்த கறுப்பினத்துப் பெண்மணி, "உடம்புக்கு முடியலையா, அம்மா?" என்று தோளைத் தொட்டாள். "இல்லை, என் பஸ் போயிடுச்சு" என்றாள் ஆர்டிஸ்.

அவளுக்குக் கிடைத்த வேலை ஜோர்டானில், அம்மான் நகரத்தில் விசா ஜன்னல். வாரனின் பதவி வேறு நாட்டில்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றான் வாரன். சமையலறையில் நின்றுகொண்டிருந்தார்கள். "நாற்பது வயசுல போய்ப் பொடிப் பசங்களோட ஜன்னல்ல உக்காரப் போறியா? நான் அங்க பெரிய இடத்துல இருக்கேன். வீட்ல பொண்டாட்டி இல்லைன்னா நாலு பேர் என்ன கேப்பாங்க?"

"வேலைக்குப் போயிருக்கான்னு சொல்லு."

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நீயும் சேர்ந்து சிரி. உனக்குத்தான் பழக்கமாச்சே."

கேரினைத் தன்னோடு கூட்டிப்போவதாக ஆர்டிஸ் நினைத்திருந்தாள். வாரன் வழக்கறிஞரைப் பார்த்தான். விவாகரத்து வழக்கில் நீதிபதி பொறுமையாகத்தான் கேட்டார். குழந்தைக்கு நிலையான வீடு வேண்டும். தகப்பனாருக்குக் குடும்பமாக இருக்க விருப்பம் இருக்கிறது. தாயார் சொந்த விருப்பத்தின் பேரில் வீட்டை விட்டுப் போகிறார். அவ்வளவுதான். கோடை விடுமுறையில் மட்டும் மகளைப் பார்க்கலாம் என்று தீர்ப்பானது. நீதிமன்றத்தின் படிக்கட்டில் ஒன்பது வயது கேரின் அப்பாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா குனிந்து முத்தமிட்டபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அசையாமல் நின்றாள். அதுதான் ஆர்டிஸைக் கொன்றது.

அம்மானில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து மறுபடி முத்திரை குத்தினாள். ஒருகாலத்தில் அவளுக்குக் கீழே பயிற்சி எடுத்தவன் அங்கே அவளுக்கு மேலதிகாரி. அவளும் விடவில்லை. ரபாத், ஏடன் வளைகுடாவை ஒட்டிய ஒரு சின்ன ஊர், யுத்தத்தில் இடிந்துகொண்டிருந்த பெய்ரூட் என்று போனாள். துப்பாக்கிக்காரர்கள் மறித்திருந்த ஒரு தெருவில் இரண்டு பள்ளி ஆசிரியைகளுக்காக வெயிலில் நின்று, அந்தப் பையன்களின் ஊரையும் தாய்மாமனையும் விசாரித்து, திட்டி, கெஞ்சி, அந்த ஆசிரியைகளை மீட்டுக் கொண்டுவந்தாள். கடைசியில் ஒரு சிறிய தூதரகத்துக்குத் தலைமை அதிகாரியானாள். அறுபது வயதில் ஓய்வு பெற்றாள். பிரிவு விருந்தில் நல்லபடியாகப் பேசினார்கள். கொஞ்சம் தாமதமாகத் தொடங்கியிருந்தாலும் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்றார் ஒருவர். அவள் நன்றி சொன்னாள். கேரினுக்காகப் போட்டிருந்த நாற்காலி காலியாகவே இருந்தது.

அடுத்த வசந்தத்தில் ஒரு காலை, ஆர்லிங்டனுக்குப் பக்கத்து ஊரான அலெக்ஸாண்ட்ரியாவில் தன் வீட்டில் அவள் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தபோது கேரின் தொலைபேசியில் கூப்பிட்டாள். கேரின் இப்போது பால்டிமோரில் அறுவை சிகிச்சைப் பயிற்சியில் இருக்கும் மருத்துவர். பயிற்சி முடிய ஒரு வருஷம் பாக்கி.

"அப்பாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் வராது. பாட்சி செத்ததுலேர்ந்து தனியாத்தான் இருக்கார்." பாட்சி வாரனின் இரண்டாம் மனைவி. "நான் வேலையை விட்டுட்டு வந்து பாத்துக்கப் போறேன். சொல்லிடலாம்னுதான் கூப்பிட்டேன்."

ஆர்டிஸ் அடுப்பை அணைத்தாள். "எங்க இருக்கே?"

"இங்கதான், ஆர்லிங்டன்ல."

அந்தச் செங்கல் வீட்டுக்குள் அவள் நுழைந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. வாரன் சமையலறை மேசையில், தலையணைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். முன்னால் தக்காளி சூப். கேரின் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"வா," என்றார் வாரன். வாய் ஒரு பக்கமாக இழுத்தது. "வயசாயிடுச்சே உனக்கு."

"உனக்கும்தான்." ஆர்டிஸ் எதிரில் உட்கார்ந்தாள். "கேரின், கடிதம் குடுத்துட்டியா?"

"வாயாலதான் சொல்லியிருக்கேன். எழுதித் தரச் சொல்லியிருக்காங்க."

"ஒரு ஆளை வச்சுக்கலாமே. உங்கப்பாவுக்கு நல்ல ஓய்வூதியம் வருது."

"வெளியாள் கை பட்டா அவருக்குப் பிடிக்கலை." கேரின் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள். "அவ்வளவு அக்கறைன்னா நீங்க வந்து இருங்களேன். நீங்கதான் ரிட்டையர் ஆயிட்டீங்களே. வேற என்ன வேலை இருக்கு?"

"நான் வரமாட்டேன்."

"தெரியும். அப்பவும் விட்டுட்டுத்தானே போனீங்க. ஒன்பது வயசுப் பொண்ணை விட ஒரு ஜன்னல் பெருசாப் போச்சு."

ஆர்டிஸுக்கு இந்த வார்த்தை வரும் என்று தெரியும். எத்தனையோ ஊர்களில் தனியாகப் படுத்துக்கொண்டு இதற்குப் பதில் தயாரித்திருக்கிறாள். இப்போது அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

"உன்னையும் கூட்டிட்டுப் போகத்தான் கேட்டேன்," என்றாள். "கோர்ட்ல குடுக்கலை. அதுக்கு முன்னாடி ஒரு கதை இருக்கு. அதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க."

சொன்னாள். ஆட்டுத்தொடை விருந்தைச் சொன்னாள். கட்டிலில் உட்கார்ந்து வாசகம் சொல்லிக்கொடுத்த அம்மாளைச் சொன்னாள். வாரனின் அறிக்கைகளை எந்தக் கை எழுதியது என்பதைச் சொன்னாள். குளியலறைக் குழாயைச் சொன்னாள். நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மீதியைச் சொன்னாள். வாரன் சூப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேரின் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "நிஜமாப்பா? அந்த அறிக்கையெல்லாம் அம்மா எழுதினதா?"

வாரனுக்கு வார்த்தைகள் மெதுவாகத்தான் வந்தன. "அப்ப... எல்லார் வீட்லயும்... அப்படித்தான்."

"நான் வேலையை விடறதா சொன்னப்ப, வேண்டாம்னு ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

வாரன் அவளை நிஜமான வியப்போடு பார்த்தார். "நான் கேக்கவே இல்லையேம்மா... நீயாத்தானே சொன்னே."

கேரின் எழுந்தாள். நீதிமன்றப் படிக்கட்டில் நின்ற அதே மாதிரி நின்றாள். பிறகு கைகழுவும் தொட்டிக்குப் போய், அறுவைக்குப் போகிறவர்கள் கழுவுவதுபோல முழங்கை வரை கழுவினாள். ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்தாள்.

"எங்கம்மா போறே?" என்றார் வாரன்.

"மதியம் ட்யூட்டி இருக்குப்பா. சாயங்காலம் ஒரு ஆள் வருவான், ராத்திரி தங்குவான். நான் ஏற்பாடு பண்றேன். ஞாயித்துக்கிழமை வர்றேன்."

வாசல்வரை போனாள். அங்கே நின்று அம்மாவிடம், "நீங்க இருக்கிறது அலெக்ஸாண்ட்ரியாவுலதானே, அதே வீடா?" என்று மட்டும் கேட்டாள்.

"அதே வீடுதான்."

கார் கிளம்பிப்போன சத்தம் அடங்கியது. சமையலறையில் இரண்டு கிழங்கள் மட்டும் மிச்சம்.

"சாயங்காலம் வரைக்கும்..." என்றார் வாரன். நெற்றி வியர்த்திருந்தது. "இந்த சூப்பை யாரு குடுப்பா?"

அவர் கேட்டது அதட்டலாக இல்லை. பயந்த குரலில்தான் கேட்டார். ஆர்டிஸுக்கு ஒரு நொடி கை தானாக நீண்டது. கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இன்னும் இருந்தது. அதைச் செத்துப்போன வலப்பக்கத்திலிருந்து நகர்த்தி இடப்பக்கம் வைத்தாள். கரண்டியை எடுத்து அவருடைய இடது கை விரல்களுக்கு நடுவில் செருகினாள்.

"இந்தக் கை வேலை செய்யுது, வாரன்," என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் முதல் கரண்டி சூப்பைத் தானே வாய்க்குக் கொண்டுபோகும்வரை, சிந்தச் சிந்த, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.